பழைய டீசல் வண்டியை மலைக்குத் தகுதியாக்கல்

மலைநாட்டை அடைதற்கு மாந்தர் கண்ட வழிகள் பல. முற்காலத்தில் கால்நடையாகவும், மட்டக்குதிரை மீதும், மூங்கிற் கழியிற் கட்டிய நாற்காலியில் அமர்ந்தும் ஏறினர். பின்னர் மாட்டுவண்டிக்குப் பாதை வகுத்தனர். அதன்பின் இருப்புப்பாதை வந்தது. நீலகிரி மலை இருப்புப்பாதை 1899 ஆம் ஆண்டிற் குன்னூர் வரையிலும், 1908 ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் அமைந்தது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 208 வளைவுகளும், 16 குகைகளும், 250 பாலங்களும் உள்ளன. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் 12 அடி முன்செல்வதற்கு 1 அடி ஏற்றம் ஆதலின், வழுவழுப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பாது, நடுவே பற்சட்டம் ஒன்றைப் பதித்து, பொறியின் பற்சக்கரம் அதனைப் பற்றிப் பற்றி ஏறுமாறு செய்தனர்.

இவ்வண்டியைப் பற்றி இரண்டு செய்திகள் எம் கருத்தைக் கவர்ந்தன. ஏறுதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கொள்ளும் இது, இறங்குதற்கும் மூன்றரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஏற்றம் எவ்வளவு அரிதோ, இறக்கமும் ஏறக்குறைய அவ்வளவு அரிது என்பதை அக்கால அட்டவணையே கூறும். இஃது ஒன்று. நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்துப் பொறிகளை முதுமை வந்தது என்று உருக்குலைக்காமல், எண்ணெய் எரிக்குமாறு மாற்றி அமைத்தனர். அதே வகையிற் புதிய நீராவிப் பொறிகளையும் நம் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையிற் செய்தனர். இஃது இரண்டாவது. பழைய பொறிக்கு முடிவு இரும்புக்கடை ஒன்றே அன்று. தக்கவாறு திருத்திப் பணிகொள்ளுதலும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவக்கூடும். தொடர்பு எம் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறது. எம் பாட்டனார் 1985 ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் அம்பாசடர் அது. அவர் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கராக இருந்து, நெடுநாட் சேமித்த பொருளால் அதனை வாங்கினார். எம் இல்லம் குன்னூருக்கு மேலே கேத்திப் பள்ளத்தாக்கை நோக்கி இருப்பது. பாட்டனார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பாட்டியாருக்கு இப்பொழுது எழுபத்தொன்பது வயது. இருதய நோயின் பொருட்டுத் திங்கள்தோறும் இருமுறை அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துச் செல்லவேண்டும். பேருந்தின் படியில் ஏற அவர் முழங்கால்கள் இடந்தரா. வாடகை வண்டிக்கு ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு எம் தந்தையாரின் வருவாய் இடந்தராது. ஆகவே இந்தப் பழைய வண்டியே எமக்குக் கதி.

சென்ற கோடை விடுமுறைக்கு யாம் ஊர் சென்றபொழுது வண்டியின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்பொழுது மூன்றிடங்களில் நீர் கொதித்து நின்றது. பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை மூடிக்கொள்ளும்படி கரும்புகை கக்கிற்று. இறங்கும்பொழுது ஒருநாள் பிரேக்கு மிதி, பலகையைத் தொடுமளவும் அமிழ்ந்துவிட்டது. தந்தையார் முதற் கியரைப் போட்டு, மலைச் சுவரோரம் உராய்ந்து நிறுத்தினாராம். பாட்டியார் அப்பொழுது பின்னிருக்கையில் இருந்தார்.

அதன்பின் வீட்டில் ஒரே பேச்சு. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பாட்டியாரைக் கோயமுத்தூரில் உள்ள அத்தையார் வீட்டில் வைத்துவிடலாம் என்பது தந்தையார் கருத்து. அத்தையார் அன்பானவர், அவர் வீட்டிற்கு ஒரு குறைவுமில்லை. ஆயினும் அறுபது ஆண்டு வாழ்ந்த வீட்டையும், பாட்டனாரின் கல்லறையையும், தாமே வைத்து வளர்த்த பேரிக்காய் மரங்களையும் விட்டு மலையிறங்கிய முதியவர் திரும்ப ஏறுவது அரிது என்பதை எல்லாரும் அறிவர்; ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டி மலையேறாவிடிற் பாட்டியார் மலையிறங்கவேண்டும். செய்தி இவ்வளவே.

இந்நிலையில், கோயமுத்தூரிற் சிறு பட்டறை ஒன்று வைத்துள்ள எம் அம்மானிடம் வண்டியைக் காட்டுவது என்று முடிவாயிற்று. விடுமுறையில் மூன்று வாரம் அப்பட்டறையிலேயே கழித்தோம். அங்கே கற்றவற்றை எம் அறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எழுதுகின்றோம்.

டீசல் எஞ்சினின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ருடால்பு டீசல் என்னும் செருமானியப் பொறிவல்லுநர் 1897 இல் இதனை இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டும். இதிலோ காற்றை இறுக்குவதனால் உண்டாகும் வெப்பமே தீ மூட்டும். எம் வண்டியில் உள்ள 1489 கன செண்டிமீட்டர் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தார் வகுத்தது, அதன் திறன் 37 குதிரைத் திறன். 23 பங்கு காற்று 1 பங்காக அதில் இறுக்கப்படுகிறது. அந்த இறுக்கத்தில் வெப்பம் 500 பாகைக்கு மேற்செல்லும். அப்பொழுது நாசில் வழியே எண்ணெய் மூடுபனி போலத் தெளிக்கப்படும். தெளித்த அளவில் அது பற்றிக்கொள்ளும். ஆதலின் இதற்கு உயிர் இறுக்கமே. பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் தேய்ந்து காற்று கசிந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் எண்ணெய் முற்றும் எரியாது.

மற்றுமொன்று. பெட்ரோல் எஞ்சினில் மிதியை அழுத்தினாற் காற்றின் வாயில் திறக்கும். டீசல் எஞ்சினிற் காற்றின் வாயில் எப்பொழுதும் திறந்தே இருக்கும். மிதியானது எண்ணெயின் அளவையே கூட்டிக் குறைக்கும். இந்த வேறுபாடு சமவெளியிற் பெரிதாகத் தோன்றாது. மலையிலே இதுவே எல்லாத் துன்பத்துக்கும் வேர்.

உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் செறிவு கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. எஞ்சின் உள்வாங்கும் காற்றின் கன அளவு மாறாது. அதனுள் இருக்கும் உயிர்வளி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு பங்கு டீசல் முற்றும் எரிவதற்கு எடையில் 14 பங்கிற்கு மேற் காற்று வேண்டும். பம்போ உயரத்தை அறியாது. மேட்டுப்பாளையத்தில் தெளித்த அளவையே குன்னூரிலும் தெளிக்கும். எண்ணெய் உண்டு, எரிக்கக் காற்றில்லை. எஞ்சியது கரியாகிப் புகையாக வெளிவரும். காலந்தாழ்த்து எரியும் எண்ணெய் பிஸ்டன் தலையையும் வால்வுகளையும் சுடும். 37 குதிரைத் திறன் அங்கே 30 அளவிற்கு இறங்கிவிடும். தேய்ந்த எஞ்சினில் இன்னும் குறையும்.

இதனை உணராமையால் விளைந்த கேடு ஒன்று எம் வண்டிக்கும் நேர்ந்திருந்தது. இரண்டாண்டுகட்கு முன், இழுவை போதவில்லை என்று தந்தையார் ஒரு பட்டறையில் விட்டபொழுது, அவர்கள் பம்பைத் திறந்து எண்ணெயின் அளவைக் கூட்டிவிட்டனர். சில நாள் வண்டி துள்ளி ஓடியது போலத் தோன்றிற்று. பின்னர்ப் புகை மிகுந்தது, வெப்பம் மிகுந்தது, ஹெட் கேஸ்கட்டு ஒருமுறை எரிந்துபோயிற்று. எம் அம்மான் பம்பின் முத்திரைக் கம்பி அறுபட்டிருப்பதைக் கண்டவுடனே நடந்ததை அறிந்துகொண்டார்.

“எண்ணெயைக் குறைத்தால் இழுவை இன்னும் குறையாதா?” என்று தந்தையார் கேட்டார்.

“எரியாத எண்ணெய் இழுக்காது, அத்தான், புகையாய்ப் போகும்,” என்றார் அம்மான்.

இனி, மலைக்காக ஒரு பழைய டீசல் எஞ்சினை வலுப்படுத்தும் வழிகள் மூன்று.

முதலாவது, காற்றைத் திணிக்கும் டர்போ என்னும் கருவியைப் பொருத்துதல். வீணே வெளிச்செல்லும் புகையின் விசையாற் சுழலும் ஒரு சிறு சக்கரம், அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். 1905 இல் இதற்கு உரிமை பெற்ற ஆல்பிரடு பூக்கி என்பாரும் சுவிட்சர்லாந்து மலைநாட்டவரே. மலைக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு 1918 இல் நன்கு புலனாயிற்று. அமெரிக்க நாட்டிற் பைக்ஸ் என்னும் சிகரத்தின்மேல், 14,000 அடி உயரத்தில், சான்போர்டு மாஸ் என்பவர் லிபர்ட்டி என்னும் விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதித்தார். சமவெளியில் 350 குதிரைத் திறன் காட்டிய எஞ்சின் சிகரத்தில் 230 அளவிற்குச் சோர்ந்தது. டர்போவைப் பூட்டியவுடன் மீண்டும் 350 ஐத் தாண்டிற்று. மெலிந்த காற்றைச் செறிவுள்ளதாக்குதலின், மலைக்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை.

எனினும் மருந்து நோயாளியின் உடலுக்கும் ஏற்றதாதல் வேண்டும். ஏற்கெனவே 23 பங்கு காற்றை ஒரு பங்காக இறுக்கும் எஞ்சினுக்குள் மேலும் காற்றைத் திணித்தால் உள்ளழுத்தம் எல்லை கடக்கும். எம் எஞ்சினின் கிராங்குத் தண்டு மூன்றே தாங்கிகளிற் சுழல்வது. ஹெட் கேஸ்கட்டு முதலிற் போகும். பிறகு தாங்கிகள் போகும். டர்போவின் தண்டோ நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றும் அதற்கு மேலும் சுழல்வது. அதற்குத் தூய எண்ணெய் இடையறாது செல்லவேண்டும். தொடக்கத்திலேயே அதற்கென வார்க்கப்பட்ட எஞ்சினுக்கே அது தகும். “எண்பது வயதுப் பாட்டிக்குப் பயில்வான் லேகியம் கொடுக்கலாமா, மருமகனே?” என்று அம்மான் நகைத்தார்.

இரண்டாவது வழி, எஞ்சினையே மாற்றுதல். அம்பாசடர் வண்டியிற் பின்னாளில் இசுசு நிறுவனத்தாரின் 1995 கன செண்டிமீட்டர் டீசல் எஞ்சினும், ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத் திறன். 2014 இல் உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசடர் செய்வது நின்றபின், உடைக்கப்படும் வண்டிகளிலிருந்து இவ்வெஞ்சின்கள் கிடைக்கின்றன. பழைய வண்டிகளிற் பலர் இதனைப் பூட்டியுள்ளனர். அம்மானின் பட்டறையிலும் ஒன்று சாக்கு மூடிக் கிடந்தது. இதற்கு எஞ்சின் தாங்கும் கட்டைகளை மாற்றவேண்டும். பின்னச்சிற்குச் செல்லும் தண்டின் நீளத்தைச் சரிசெய்யவேண்டும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். இவற்றோடு சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் எண்ணும் அளவும் மாறுவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் இசைவு பெற்றுப் பதிந்துகொள்ளவேண்டும். இல்லையேல் விபத்துக் காலத்திற் காப்பீட்டிற்கும் வழக்கிற்கும் இடராகும்.

மூன்றாவது வழி, உள்ள எஞ்சினை அதன் பிறந்தநாட் திறனுக்குக் கொணர்ந்து, மலைக்கு வேண்டிய துணைகளைச் சேர்த்தல்.

தந்தையார் மனம் இரண்டாவது வழியிற் சென்றது. ஒருமுறை உயிருக்கு அஞ்சியவர், வலிய எஞ்சினை விரும்புவது இயல்பே. அதற்கு ஒன்றரை இலட்சத்திற்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். எம் அடுத்த ஆண்டுக் கல்லூரிச் சம்பளத்திற்கும் விடுதிக்குமாக ஒதுக்கிய பணத்தையும் சேர்த்தாலன்றி அத்தொகை தேறாது. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்,” என்று தந்தையார் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

அன்றிரவு யாம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். தமிழ் மாணாக்கரேயாயினும் பள்ளியிற் கற்ற இயற்பியல் முற்றும் மறந்துவிடவில்லை. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1500 கிலோகிராம் என்க. 12 இல் 1 பங்கு ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்வதற்கு, எடையை மேலே தூக்குதற்கு மட்டும் ஏறத்தாழ 14 குதிரைத் திறன் வேண்டும். சக்கரத்தின் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் 3 சேர்க்க. கியர்களில் வீணாவதற்கும் சிறிது சேர்க்க. மொத்தம் 20 ஐ ஒட்டி நிற்கும். எம் எஞ்சினோ, உடல்நலத்தோடு இருப்பின், உதகையின் மெலிந்த காற்றிலும் 30 அளவு தரவல்லது. ஆகவே குறைவு பிறப்பில் இல்லை, நோயில் உள்ளது. மணிக்கு 30 கிலோமீட்டர் போதும் என்று மனம் இசைந்தாற் பழைய எஞ்சினே போதும். 50 இல் ஏறவேண்டும், லாரிகளைத் தாண்டவேண்டும் என்றாற் போதாது.

காலையில் அம்மானிடம் அத்தாளைக் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். “கணக்கு சரிதான். ஆனால் கணக்கில் எஞ்சின் புதிது. இங்கே கிடப்பது பழையது. பிரித்துப் பார்த்துப் பேசுவோம்,” என்றார். பிரித்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டர்களுள் இரண்டில் இறுக்கம் மிகக் குறைந்திருந்தது. கிராங்குத் தண்டு மட்டும் நன்றாக இருந்தது. தண்டு போயிருந்தால் எம் கணக்கு வெறுந்தாளே.

இறுதி முடிவைப் பாட்டியாரிடம் விட்டனர். தொலைபேசியில் யாம் எல்லாவற்றையும் எடுத்துரைத்தபின் அவர் சொன்னதாவது: “எனக்கு விரைந்து போகவேண்டியதில்லை, ராசா. வழியில் நிற்காமற் போனாற் போதும். இறங்கும்போது உன் அப்பன் முகம் வேர்க்காமல் இருந்தாற் போதும்.” இவ்வுரையில் இரண்டு தேவைகளும் அடங்கிவிட்டன. நிற்காமல் ஏறுதல், அஞ்சாமல் இறங்குதல். மூன்றாம் வழியே துணியப்பட்டது.

செய்த வேலைகளைச் சுருங்கக் கூறுவோம். சிலிண்டர்களைக் கடைந்து அளவான புதிய பிஸ்டன்களும் ரிங்குகளும் இட்டனர். வால்வுகளைத் தேய்த்து அமர்த்தினர். ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருந்ததால் அதனைச் சமமாக்கினர். பம்பையும் நாசில்களையும் டீசல் பம்புப் பட்டறைக்கு அனுப்பி, எண்ணெயின் அளவைத் தொழிற்சாலை வைத்த எல்லைக்கும் சிறிது கீழே வைத்து முத்திரையிட்டனர். வண்டி வாழ்வது மலையில் ஆதலின் மலைக்காற்றிற்கேற்ற எண்ணெய் போதும் என்பது அம்மானின் துணிபு. எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த காற்று வடிகட்டிக்குக் குழாய் ஒன்றை இணைத்து, வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்று வருமாறு செய்தனர். சூடான காற்று மெலிந்தது. குளிர்ந்த காற்று செறிந்தது. செலவு சிறிது, பயன் பெரிது.

அடுத்தது குளிரூட்டல். மலையேறும் வண்டி மெல்லச் செல்லும். எஞ்சினோ முழு வலியோடு உழைக்கும். ரேடியேட்டரை வீசிக் குளிர்விக்க எதிர்க்காற்று இராது. மேலும் உயரம் செல்லச் செல்ல நீர் விரைவிற் கொதிக்கும். உதகையில் அது ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருப்பின் அவ்வெல்லை பத்துப் பாகைக்கு மேல் உயரும். எம் வண்டியின் மூடியில் ரப்பர் வளையம் இற்றுக் கிடந்தது. சில நூறு ரூபாயிற் கிடைக்கும் அச்சிறு மூடி கெட்டதே மூன்றிடங்களில் நின்றதற்குப் பாதிக் காரணம். ரேடியேட்டரின் உள்ளே ஒரு வரிசைக் குழாய்கள் கூட்டிப் புதிய கோர் இட்டனர். விசிறியைச் சூழத் தகட்டுக் கூடு அமைத்து, விசிறி இழுக்கும் காற்று முழுதும் ரேடியேட்டர் வழியே வருமாறு செய்தனர். கொதிக்கும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பலர் வழக்கம். அம்மான் அதனைச் செய்யவில்லை. அது இல்லாவிடில் இறக்கத்தில் எஞ்சின் அளவிற்கு மேற் குளிர்ந்து, மீண்டும் எண்ணெய் முற்றும் எரியாமற் போகும்.

இனிப் பிரேக்கு. இதனை எஞ்சினோடு சேர்த்து எண்ணாதவர் மலையை அறியாதவர். குன்னூர் 1850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர். 1500 கிலோகிராம் எடை அவ்வளவு உயரம் இறங்கும்பொழுது வெளிப்படும் ஆற்றல் முழுதும் வெப்பமானால், அது 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். அத்தனை வெப்பமும் எங்கேனும் போய்த்தானே ஆகவேண்டும்? காலை எடுக்காது பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது பிரேக்கில் ஏறும். பிரேக்கு எண்ணெய் காலப்போக்கிற் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் எளிதிற் கொதித்து ஆவிக் குமிழி கொள்ளும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். மிதி பலகையைத் தொடும். எம் தந்தையாருக்கு நேர்ந்தது இதுவே.

ஈண்டு டீசல் வண்டிக்கு மேலும் ஒரு குறை உண்டு. காற்றின் வாயில் எப்பொழுதும் திறந்திருத்தலின், மிதியை விட்டவுடன் பெட்ரோல் எஞ்சின் இழுத்துப் பிடிக்குமளவு டீசல் எஞ்சின் பிடிப்பதில்லை. பிரேக்கிற்குத் துணை செய்யும் வெற்றிடமும் அதில் தானே உண்டாவதில்லை. அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். ஆகவே பின்னாளைய அம்பாசடரின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும், துணைக் கருவியும், வெற்றிடப் பம்பும் தேடிப் பூட்டினர். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே ஆயிற்று. எல்லாம் சேர்ந்து எழுபதினாயிரத்துச் சொச்சம். எம் கல்லூரிச் சம்பளம் தப்பிற்று.

ஜூன் முதல் வாரத்தில், ஐவர் அமர்ந்து, வண்டியை மலையேற்றினோம். கல்லாறு கடந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியபின் ஒருவரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் வெப்பமானியின் முள்மேல் இருந்தது. பர்லியாறு வந்தது, முள் நடுவிற்குச் சற்று மேலே நின்றது. பின்னே திரும்பிப் பார்த்தோம். பாதை தெளிவாகத் தெரிந்தது. வேகம் 25 க்கும் 30 க்கும் இடையே. எமக்குப் பின் வண்டிகள் வரிசையாயின. அகன்ற இடம் வந்தபொழுதெல்லாம் தந்தையார் ஒதுங்கி வழிவிட்டார். விரைவை விலையாகக் கொடுத்தே இந்நலத்தைப் பெற்றோம், அதனை மறைக்கவேண்டியதில்லை. வலிய எஞ்சின் வாங்கியிருந்தால் ஒதுங்கவேண்டியதில்லை. குன்னூரில் ஒருமுறைகூட நிற்காமல் ஏறிய வண்டியை, தேநீருக்காக நாங்களே நிறுத்தினோம்.

அடுத்த வாரம் பாட்டியாரோடு இறங்கியதே பெருஞ்சோதனை. தந்தையார் குன்னூரிலேயே இரண்டாங் கியருக்கு வந்துவிட்டார். பிரேக்கை வளைவிற்கு முன் சற்று அழுத்துவதும் உடனே விடுவதுமாக இறங்கினார். மேட்டுப்பாளையத்தில் யாம் இறங்கிச் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தோம். சூடு உண்டு, தீய்ந்த மணம் இல்லை. பாட்டியார் வழியிற் பாதி உறங்கிவிட்டார். அவர் உறங்கியதைத் தந்தையார் கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே வந்ததை யாமும் பார்த்தோம்.

மலைவாணராகிய நண்பர்களுக்கும், பழைய வண்டியில் மலைக்கு வரும் அன்பர்களுக்கும் சில சொற்கள் கூறி முடிப்போம். எந்தக் கியரில் ஏறுவீரோ அந்தக் கியரிலேயே இறங்குக. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது சாலை விதி. நின்றுவிட்ட பழைய வண்டி ஏற்றத்தில் மீண்டும் புறப்படுவதன் துன்பத்தை அறிந்தே அதனை வகுத்தனர். ஏறி நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்காது சிறிது நேரம் ஓடவிடுக. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர். பிரேக்கு எண்ணெயை ஈராண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுக. கரும்புகையை வலிமையின் அடையாளம் என்று எண்ணாதீர். அஃது எரியாத பொருள், உம் பணமும் கூட. 1986 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற அம்மலையின் சோலைகளிற் படிவதும் அதுவே.

யாவற்றினும் முதலாக, வலுவைக் கூட்டுமுன் நோயைத் தேடுக. எம் வண்டி இப்பொழுது திங்கள்தோறும் இருமுறை இறங்கி ஏறுகிறது. பதிவைப் புதுப்பிக்க இன்னும் மூன்றாண்டு உண்டு. அதற்குள் தந்தையார் வேறு வண்டி வாங்கினும் வாங்கலாம். இவ்வாண்டு பேரிக்காய் நன்றாய்க் காய்த்ததென்றும், ஒரு கூடை எமக்கென எடுத்துவைத்திருப்பதாகவும் பாட்டியார் சொல்லியனுப்பினார். அவர் இன்னும் தம் வீட்டிலேயே இருக்கிறார்.